டிஸ்ப்ளே வந்துவிட்டது

புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர் வாயைத் திறந்தால் ‘பீப்’ என்றுதான் சத்தம் வர வேண்டும். யூடியூபில் ஷ்யாம்சுந்தர் பார்த்த அத்தனை பேருடைய கம்ப்யூட்டரும் அப்படித்தான் கத்தியது. அவனுடையது ‘ச்சு ச்சு ச்சு’ என்றது.

அதுவும் அவன் ஒரு பொய்யைச் சொல்லி முடித்த அடுத்த நொடியில்.

“என்ன, இன்னும் படம் வரலையா?” என்று சமையலறையிலிருந்து சுப்ரஜா கேட்டிருந்தாள். மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள். அவனுக்குத்தான் சுருக்கென்றது. “என்மேல ஒரு தப்பும் இல்லை. கேபிள் போயிருக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்றான். கேபிள் நன்றாகவே இருந்தது. கொஞ்சம் முன்னால்தான் அதை ஹால் டி.வி.யில் மாட்டிப் பார்த்து, படம் பளிச்சென்று வந்ததும், யாருக்கும் தெரியாமல் திரும்ப எடுத்து வந்திருந்தான்.

ச்சு ச்சு ச்சு.

சமையலறையில் விரல் நுனியால் மேடையைத் தட்டும் சத்தம் கேட்டது. “கிருஷ்ணா கிருஷ்ணா” என்றாள் சுப்ரஜா. “பாத்தேளா, பல்லியே சொல்றது. கேபிள்தான்.”

அவள் வீட்டு வழக்கம் அது. யாராவது ஒன்றைச் சொல்லி வாய் மூடும்போது பல்லி கத்தினால், சொன்னது சத்தியம் என்று அர்த்தம். உடனே விரலால் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்று சொல்லி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் ஷ்யாம்சுந்தர் இதைக் கேலி செய்வான். அப்புறம் அவனுக்கே விரல் பழகிவிட்டது.

ஆனால் இந்த அறையில் பல்லி கிடையாது. தீபாவளிக்கு முன்னால்தான் வெள்ளையடித்து, ஜன்னலுக்கு வலை போட்டிருந்தார்கள். அவன் டியூப்லைட்டின் பின்பக்கம் பார்த்தான், பீரோவின் மேல் பார்த்தான். பிறகு குனிந்து கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் பார்த்தான். திருகாணிப் பொட்டலத்தில் கிடந்த, பட்டாணி அளவுக்கு ஒரு குட்டி ஸ்பீக்கரை அவன் இப்போதுதான் மதர்போர்டில் செருகியிருந்தான். படம் வராத போர்டு அதன் வழியாகத் தன் குறையைச் சொல்லும் என்று ஒரு காணொளியில் கேட்டது. சத்தம் அதிலிருந்துதான் வந்திருந்தது.

மத்தியானச் சாப்பாட்டிலிருந்து இதே காட்சிதான். விசிறிகள் நீலமும் ஊதாவுமாக மினுக்கிக்கொண்டு சுற்றுகின்றன, போர்டில் விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் கன்னங்கரேலென்று கிடக்கிறது. ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினான். வரவில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தான். வரவில்லை. போர்டிலிருந்த பொத்தான் பாட்டரியை எடுத்துவிட்டு, சாமிக்கு வேண்டிக்கொண்டு, திரும்பப் போட்டான். வெளியே கார்த்திகை மழை நசநசவென்று விடாமல் பெய்ய, அறைக்குள் கட்டியிருந்த கொடியில் காயாத துணிகளின் வாடையும் புதுப் பொருள்களைப் பிரித்த பிளாஸ்டிக் வாடையும் சேர்ந்து அவன் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஷ்யாம்சுந்தர் துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் சிஸ்டம்ஸ் மேனேஜர். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. பொறுப்பு என்றால் எதையும் தொட வேண்டாம், தொடுகிறவர்களுக்கு மெயில் போட்டால் போதும். இது ஆபீசுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. வீட்டில் அவன் புலி. அதனால்தான் தீபாவளிச் சாப்பாட்டில், ஆர்க்கிடெக்சர் படிக்கும் மகள் ஸ்ம்ருதிக்குப் புதுக் கம்ப்யூட்டர் என்று பேச்சு வந்து, சுப்ரஜாவின் தம்பி சூர்யா “நான் வந்து பூட்டிக் குடுத்துடறேன் அத்திம்பேர், எனக்குப் பழக்கம்” என்றபோது, அவன் எல்லோர் முன்னாலும் சிரித்தான். “நீ யார்டா எனக்குப் பூட்டித் தர? இதுதானேடா என் பொழைப்பே” என்றான். சூர்யா குனிந்து ரசம் சாதத்தைப் பிசைந்தான்.

நாளைக் காலை ஸ்ம்ருதி தன் வரைபடங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். அவளுடைய பழைய லேப்டாப் அந்தப் படங்களைத் திறக்கவே மூச்சுத் திணறியது. காலேஜிலிருந்து வந்ததும் புதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நம்பிப் போயிருந்தாள். “வந்ததும் ரெடியா இருக்கும், போயிட்டு வா” என்று வாசல்வரை வந்து சொன்னவன் அவன்தான்.

தெரியவில்லை என்று சொல்வதில் ஒன்றுமே இல்லை, உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் தினமும் சொல்கிறார்கள் என்று அவன் புத்திக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வதாக நினைத்துப் பார்த்தாலே காது மடல் சூடாகியது.

கேபிளைக் கழற்றினான். ஹால் டி.வி.யில் மறுபடியும் மாட்டிப் பார்த்தான், சும்மா, மனத்திருப்திக்காக.

படம் வரவில்லை.

உருவிப் பார்த்தான். முனையிலிருந்த பின்கள் கரிந்திருந்தன. நெருப்பில் காட்டியதுபோல உலோகம் கறுத்து, பிளாஸ்டிக் இளகி வழிந்திருந்தது. கொஞ்சம் முன்னால் அவன் கையில் புத்தம் புதிதாக இருந்த கேபிள்.

பயந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. ஆக, கேபிள்தான். சொன்னது பொய்யில்லை. பழைய கேபிள் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து மாட்டினான். அப்போதும் மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் சூர்யா போன் செய்தான்.

“என்ன அத்திம்பேர், டிஸ்ப்ளே வந்துடுத்தா?”

அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் மோசம். ஷ்யாம்சுந்தர் எதிரே சுற்றும் விசிறிகளைப் பார்த்துக்கொண்டே, “இங்க கரண்டே இல்லைடா. அதான் அப்படியே நிறுத்தி வெச்சிருக்கேன்” என்றான்.

ச்சு ச்சு ச்சு.

மின்சாரம் நின்றது. டியூப்லைட், ஃபிரிட்ஜின் ரீங்காரம், எதிர்வீட்டு டி.வி., தெருவிளக்கு, எல்லாம் ஒரே மூச்சில். ஹாலில் இன்வர்ட்டர் விளக்கு ஒன்று மட்டும் உயிர் பெற்றது. இந்த அறைக்கு இன்வர்ட்டர் இணைப்பு கிடையாது. விசிறிகள் தயங்கித் தயங்கி நின்றன. இருட்டில் அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து இளஞ்சூடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

“அத்திம்பேர்? லைன்ல இருக்கேளா? நான் குரோம்பேட்டைலதான் இருக்கேன். வேணா வந்து பாக்கட்டுமா?”

“வேண்டாம்!” அவன் குரல் அவனுக்கே அதிகமாகக் கேட்டது. “வராதே. தெருவெல்லாம் முழங்கால் தண்ணி. வண்டி உள்ளயே வராது.”

தெருவில் செருப்பு நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. இருட்டுப் பெட்டிக்குள், மின்சாரமே இல்லாத போர்டின்மேல், அந்தப் பட்டாணி மறுபடியும் நாக்கு அடித்தது. ச்சு ச்சு ச்சு. போனை வைத்துவிட்டு அவன் அசையாமல் நின்றான். கீழே யாரோ ஒரு பெண் கத்தினாள். பைக் ஒன்று சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. அப்புறம் சளசளவென்று ஒரு பெரிய ஈரச் சத்தம் தெருமுனையிலிருந்து நகர்ந்து, வீடு வீடாகத் தொட்டுக்கொண்டு வந்தது.

“ஏன்னா, இங்க வந்து பாருங்கோ!” பால்கனியிலிருந்து சுப்ரஜா கூப்பிட்டாள். “ஏரி வழிஞ்சுடுத்து போலருக்கு. இப்பத்தானே பாத்தேன், ஒண்ணுமே இல்லையே!”

முதல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். கறுப்புத் தண்ணீர். கேட்டின் பாதிவரை. சேற்று வாடையும் அழுகிய ஆகாயத்தாமரை வாடையும் மேலே ஏறி வந்தன. முழங்கால் அளவு. மிகச் சரியாக.

அவன் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டான். படித்தவன்தானே, சோதித்துப் பார்க்கலாம். காலி அறையிடம், “டிஸ்ப்ளே வந்துடுத்து” என்றான். பெட்டி பேசவில்லை. “தண்ணி வடிஞ்சுடுத்து” என்றான். பேசவில்லை. கதவைத் திறந்து சுப்ரஜாவிடம், “மழை விடலை” என்று உண்மை ஒன்றைச் சொல்லிப் பார்த்தான். அதற்கும் பேசவில்லை. ஆசைப்பட்டுச் சொல்வது அதற்கு வேண்டாம், நிஜமும் வேண்டாம். வேறொரு ஆள் காதில், தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, பொய் என்று தெரிந்தே அவன் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும்தான் சாட்சி. இது புரிந்தபோது பயத்தைவிட வெட்கம்தான் முந்திக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டிக்கு அவனைத் தெரிந்திருந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாத அளவுக்கு.

ஸ்பீக்கரைப் பிடுங்கினான். மெல்லிய இரண்டு கம்பி, ஒரு பட்டாணி. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தான்.

சுப்ரஜா அவன் முகத்தைப் பார்த்தாள். “என்னாச்சு? பயந்த மாதிரி இருக்கேளே?”

“பயமா? எனக்கா? லேசா ஜுரம் அடிக்கறது, அவ்வளவுதான்.”

அவன் நெஞ்சுக்குமேல், பைக்குள், அது கத்தியது.

“கிருஷ்ணா கிருஷ்ணா” என்று சுப்ரஜா கதவு நிலையைத் தட்டினாள். “இன்னிக்கு என்ன இந்தப் பல்லி இப்படிச் சொல்றது?” அவன் நெற்றியில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “ஐயோ, கொதிக்கறதே!” அவன் முதுகுத்தண்டில் குளிர் ஏறியது. கண்ணிமை கனத்தது. பல் கிட்டியது. ஒரு வார்த்தை பேசிய நேரம்தான், அதற்குள் நாலு நாள் காய்ச்சல்காரன் ஆகியிருந்தான்.

அவள் மாத்திரை தேடி உள்ளே போனதும் அவன் தடுமாறிப் பால்கனிக்குப் போனான். பையில் கைவிட்டான். அது விரலில் பட்டது, சூடாக, கொஞ்சம் மெத்தென்று. பார்க்காமல் வீசினான். கீழே கறுப்புத் தண்ணீரில் ‘ப்ளக்’ என்று விழுந்து மறைந்தது.

போய்த் தொலைந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழைச் சாரல் முகத்தில் அடிக்க, நெடுநேரம் மூச்சு வாங்கினான். ஸ்ம்ருதி வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அப்பாவுக்குத் தெரியலைம்மா, மாமாவைக் கூப்பிடலாம். சொல்லிவிடலாம். அவள் வரட்டும்.

போன் அடித்தது. சூர்யா.

“அத்திம்பேர், நான் உங்க சானடோரியம் ஸ்டேஷன்ல நிக்கறேன். தண்ணினு சொன்னேளே, ஸ்ம்ருதி எப்படித் தனியா வருவா? அடுத்த ரெண்டு மூணு டிரெயின்ல வந்துடுவா. கையோட அழைச்சுண்டு வந்துடறேன். அப்படியே சிஸ்டத்தையும் ஒரு பார்வை பாத்துடறேனே, தப்பா நினைச்சுக்காதீங்கோ.”

தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவனைச் சுட்டது. இவனுக்குத் தெரிந்துவிட்டது, முதல் போனிலேயே தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டுதான் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறான். நனைந்த சட்டையோடு வந்து, நின்றபடியே எதையோ ஒன்றை அழுத்துவான், படம் வந்துவிடும். ஸ்ம்ருதி பார்த்துக்கொண்டிருப்பாள். சுப்ரஜா அவனைப் பார்க்காமல் இருக்க முயல்வாள்.

அதுதான் தண்ணீரில் போய்விட்டதே. இனி ஒரு பொய் வெறும் பொய்தான். எல்லோரும் சொல்கிற சாதாரணப் பொய். ஸ்ம்ருதிக்குத் தனியாக ஒரு ஆட்டோ சொல்லிக்கொள்ளலாம்.

“நீ வீட்டுக்குப் போடா. ஸ்ம்ருதி அப்பவே வந்துட்டா. கரண்டும் வந்தாச்சு. இதோ, சிஸ்டத்துல உக்காந்து வேலை பண்ணிண்டிருக்கா.”

“அப்படியா!” சூர்யாவின் குரலில் நிஜமான சந்தோஷம். “சூப்பர் அத்திம்பேர். அப்ப நான் கிளம்பறேன்.”

போனை வைத்தான். காது கொடுத்தான். மழை. தண்ணீர். தூரத்தில் ஒரு நாய். வேறு ஒன்றுமில்லை. சட்டைப்பையைத் தடவினான், காலி. அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தான்.

நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் ஒட்டவில்லை. அதுவாக. பிரிந்தது, அடித்தது, பிரிந்தது.

ச்சு ச்சு ச்சு.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்குள் நாக்கு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. பளீரென்று மின்சாரம் வந்தது. தெருவிளக்கு, டியூப்லைட், ஃபிரிட்ஜ். உள்ளறையில் விசிறிகள் சுற்றத் தொடங்கின.

அப்புறம், நாற்காலியை யாரோ இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம்.

போகாதே என்றது உடம்பு. போனான். ஈரத் துணிகளுக்குக் கீழே குனிந்து, அறைவாசலில் நின்றான்.

முதுகு தெரிந்தது. காலையில் ஸ்ம்ருதி போட்டுக்கொண்டு போன அதே மஞ்சள் சுடிதார். அதே ஒற்றைப் பின்னல். மானிட்டர் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பின் முன்னால் உட்கார்ந்து, விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. வேகமாக. இடைவெளி இல்லாமல். இவ்வளவு மழையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின்னலில் ஒரு முடி கலையவில்லை. அறை முழுக்கப் புதுப் பாக்கெட்டைப் பிரித்த வாடை.

“அப்பா” என்றது திரும்பாமலே. ஸ்ம்ருதியின் குரல்தான். “படம் இன்னும் வரலை போலருக்கே.”

அவன் கையில் போன் அதிர்ந்தது. திரையில் பெயர். ஸ்ம்ருதி.

எடுத்துக் காதில் வைத்தான்.

“அப்பா, நான் ஸ்டேஷன்ல இருக்கேன்.” மழை இரைச்சல், ரயில் ஹார்ன், நடுவே மகளின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. “என்னமோ மாதிரி இருக்குப்பா. சூர்யா மாமா இங்கதான் நின்னுண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். என் மூஞ்சிக்கு நேரா பாத்தார்ப்பா, பாத்துட்டு அப்படியே தாண்டிப் போயிட்டார். ஆட்டோல்லாம் நிக்கவே மாட்டேங்கறது. ஒருத்தர் என்மேல இடிச்சுட்டு, என்ன இடிச்சோம்னு தரையப் பாக்கறார். அப்பா? கேக்கறதா? பயமா இருக்குப்பா. வந்து கூட்டிண்டு போறியா?”

கீபோர்டில் விரல்கள் நின்றன. பின்னல் கொஞ்சம் சாய்ந்தது, ஒட்டுக் கேட்பதுபோல.

“அட, ஸ்ம்ருதி வந்தாச்சா!”

பின்னால் சுப்ரஜா. கையில் காபி டம்ளரும் ஜுர மாத்திரையும். முகமெல்லாம் சிரிப்பு. “எப்ப வந்தா? பெல் சத்தமே கேக்கலையே. நீங்களா கதவு திறந்தேள்?”

சின்னக் கேள்வி. இல்லை என்றால் போதும். இல்லை, நான் திறக்கவில்லை, உன் தம்பியிடம் பொய் சொன்னேன், எனக்கு இதைப் பூட்டத் தெரியாது, காலையிலிருந்து நான் சொன்னது எல்லாம் பொய், நம் பெண் ஸ்டேஷனில் நிற்கிறாள். அவ்வளவுதான். வார்த்தைகள் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. காதில் ஸ்ம்ருதி அப்பா, அப்பா என்றாள். சுப்ரஜா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இருபது வருஷமாகப் பார்க்கிற அதே நம்பிக்கையோடு. எனக்குத் தெரியாது. அந்த ஒன்றைச் சொன்னால் அந்தப் பார்வை எப்படி மாறும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் நினைத்துப் பார்த்தான். காது மடல் சூடாகியது.

“ஆமாம்” என்றான். “நான்தான் திறந்தேன்.”

சொன்னதும் பதறினான். வாயை மூடப் போனான். நாக்கு முந்திக்கொண்டது.

ச்சு ச்சு ச்சு.

“கிருஷ்ணா கிருஷ்ணா” என்று சுப்ரஜா டம்ளரின் விளிம்பைத் தட்டினாள்.

காதில் குரல் நின்றது. ‘அப்’ என்பதோடு. இணைப்பு அறுந்த ஒலி இல்லை. மழை இல்லை. ரயில் இல்லை. போனைப் பார்த்தான். அழைப்பு வந்ததற்கான தடம்கூட இல்லை.

“ராம் சரியா உக்காரலைப்பா” என்றது நாற்காலி. “பயந்து பயந்து அழுத்தியிருக்கே.” ஒரு கை கேபினட்டுக்குள் போனது. சுற்றுகிற விசிறிகளுக்கு நடுவே, வெறுங்கையாக.

அப்போதுதான் அவன் மானிட்டரைப் பார்த்தான். படம் வராத அந்தக் கறுப்புக் கண்ணாடியில் அறை தெரிந்தது. காபியோடு சுப்ரஜா. போனைக் கையில் பிடித்தபடி அவன். நாற்காலி காலி. அவர்கள் இருவருக்கும் பின்னால், வாசற்படியில், தலைமுதல் கால்வரை நனைந்து, தோளில் பையோடு, ஸ்ம்ருதி. வாய் திறந்து மூடியது. சத்தம் இல்லை.

திரும்பினான். வாசற்படி காலி. தரை காய்ந்து கிடந்தது.

மறுபடி கண்ணாடி. இப்போது அவள் கிட்டத்தில் இருந்தாள். அவர்களைத் தாண்டி முன்னால் வந்திருந்தாள். கண்ணாடிக்கு ஒட்டினாற்போல. ஈரமான கையை விரித்து அதன்மேல் வைத்தாள். தட்டினாள். அப்பா. தட்டினாள்.

கட்டக்.

ராம் உட்கார்ந்தது. திரை வெள்ளையாகப் பற்றி எரிந்தது.

“வந்துடுத்து! வந்துடுத்து!” சுப்ரஜா அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். பெருமையில் அவள் குரல் தழுதழுத்தது. “எனக்குத் தெரியும். நீங்க பண்ணிடுவேள்னு எனக்குத் தெரியும்.”

வெள்ளைத் திரையில் கறுப்பு என்று ஒரு பொட்டு இடம் இல்லை. நடுவில் மட்டும் ஒரு கைத்தடம். ஐந்து விரலும் விரிந்து, ஈரமாக, உள்பக்கமாக. விரல்களிலிருந்து தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

நாற்காலியில் இருந்த அது துப்பட்டா நுனியால் அதைத் துடைத்துப் பார்த்தது. போகவில்லை. முதல் முறையாக அவன் பக்கம் திரும்பியது. ஸ்ம்ருதியின் முகம்தான், ஒரு குறை சொல்ல முடியாது. “இது என்னப்பா, அழிய மாட்டேங்கறது?”

“ஆமாம், என்ன அது?” என்று சுப்ரஜாவும் குனிந்தாள். இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்குத்தானே தெரியும்.

“அது ஒண்ணுமில்லை” என்றான் ஷ்யாம்சுந்தர். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. “புது மானிட்டர்ல அப்படித்தான் இருக்கும். தானா மறைஞ்சுடும்.”

அவன் நாக்கு அடித்துக்கொண்டது. திரையில் சுண்டுவிரல் முதலில் மறைந்தது. அப்புறம் அடுத்த விரல்.